உத்திரமேரூரில் இல்லாத அடுக்குகள்

உத்திரமேரூருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் குடவோலைக் கல்வெட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அந்த வட்டாரத்துக் கல்குவாரிகளின் ஓரச் சுவரையும் ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். மேலே செம்மண். அதன் கீழே, கைபட்டால் உதிர்கிற உளுத்த பாறை. அதற்கும் கீழே நீலம் பாய்ந்த கருங்கல். ஜல்லிக்காக உடைபடும் இந்தச் சார்னோக்கைட் சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையானது. மேலே கிடக்கும் மண்ணோ புவியின் கணக்கில் நேற்று வந்தது. இடையே கழிந்த காலத்துக்கு அங்கே ஓர் அடுக்குகூடச் சாட்சி இல்லை. இந்த இடைவெளியை உத்திரமேரூரில் மட்டும் நின்று புரிந்துகொள்ள முடியாது என்பதே என் வாதம். பக்கத்து ஊர்களின் இடைவெளிகளை அருகருகே வைத்தால்தான் அதற்குப் பொருள் கிடைக்கும்.

திருமலை மலைப்பாதையில் பழைய கிரானைட்டின் மேல் குவார்ட்சைட் அடுக்கு நேரடியாகப் படிந்திருக்கிறது. அந்தச் சந்திப்பில் ஏறத்தாழ 80 கோடி ஆண்டுகள் விடுபட்டிருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். தெற்கே ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தால் பழம்பாறையின் மேல் இருப்பது சுமார் 12 கோடி ஆண்டுக்கு முந்தைய களிப்பாறை. அதில் இலைத் தடங்களும் கடலுயிர்ப் புதைபடிவங்களும் உண்டு. ஆக, அங்கே விடுபட்டது இருநூறு கோடிக்கும் மேல். அரியலூர்ப் பக்கம் சுமார் 11 கோடி ஆண்டுக்கு முந்தைய ஊட்டத்தூர் அடுக்கில் தொடங்கி, திருச்சி அடுக்கு, அரியலூர் அடுக்கு என்று சிறு முறிவுகளோடு கடல் படிவுகள் ஏறிப்போகின்றன. புதுச்சேரிக்கு அருகே வழுதாவூரில் தரைமட்டத்தில் தெரிவது ஏறத்தாழ 7 கோடி ஆண்டுப் படிவுதான். அரியலூரின் நடு அடுக்குகள் அங்கே வெளியே தெரிவதில்லை. கடல்மட்டம் ஏறி இறங்கியது மட்டுமே காரணமென்றால், இரண்டு இடத்திலும் முறிவு ஒரே காலத்தில் விழுந்திருக்க வேண்டும். அப்படி விழவில்லை. அண்டார்க்டிகாவிலிருந்து இந்தியா பிரிந்தபோது கிழக்குக் கரையின் நிலம் இடத்துக்கு இடம் வேறு அளவில் தாழ்ந்தது என்பதை இந்தப் பொருந்தாமையே காட்டிக்கொடுக்கிறது.

அடுக்கு படியவே இல்லையா, படிந்து பிறகு அரித்துப்போனதா? இரண்டும் பார்வைக்கு ஒன்றுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அரித்துப்போனது எங்காவது போய்ச் சேர்ந்தாக வேண்டும். உத்திரமேரூர்க் கருங்கல் இறுகியது இருபது கிலோமீட்டர் அளவு ஆழத்தில். இன்று அது வெயிலில் கிடக்கிறதென்றால், மேலே இருந்த அத்தனை பாறையும் கரைந்து போயிருக்கிறது. இப்படி அரித்துப்போனது போய்ச் சேர்ந்த இடத்துக்கு உதாரணமாக, சத்தியவேடு வட்டாரத்துக் கூழாங்கல் பாறையை எடுத்துக்கொள்ளுங்கள். முட்டைபோல் உருண்ட குவார்ட்சைட் கற்கள் அதில் நெருக்கமாகப் பதிந்திருக்கின்றன. அவை அருகிலுள்ள மலைகளின் குவார்ட்சைட் உடைந்து உருண்டு வந்தவை. அங்கே குறைந்தது இங்கே அடுக்காகிவிட்டது. கொசத்தலையாற்றுப் பகுதியின் கற்கால மனிதர்கள் கைக்கோடரி செய்ததும் இந்தக் குவார்ட்சைட்டில்தான்.

ஒப்பிடுவதே ஏமாற்றாதா என்ற கேள்வி இன்னும் கடுமையானது. அதே கொசத்தலையாற்றுப் பகுதியிலுள்ள அதிரம்பாக்கத்தில் அது நடந்தது. அங்குள்ள மெல்லடுக்குக் களிமண்ணை, சாயலை வைத்து, டைனோசர் காலத்து ஆவடிக் களிப்பாறை என்றே நெடுநாள் எண்ணியிருந்தார்கள். தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு தோண்டியபோது அந்தக் களிமண்ணுக்குள்ளேயே கற்கருவிகள் கிடைத்தன. 2011இல் வெளியான ஆய்வு அவற்றின் வயது குறைந்தது 10 லட்சம், சராசரியாக 15 லட்சம் ஆண்டுகள் என்றது. களிமண்ணுக்கு மேலே இருப்பதாக நம்பிய பெரிய இடைவெளி உண்மையில் அதற்குக் கீழே இருந்தது. இதனால் ஒப்பீடு பொய்த்துவிடவில்லை. நிறத்தையும் சாயலையும் நம்பாமல், அடுக்குக்குள் இருப்பதை வைத்து ஒப்பிட வேண்டும் என்ற ஒழுங்குதான் உறுதியானது.

அந்த ஒழுங்குக்கு வெட்டுமுகங்கள் வேண்டும். திருமலைச் சந்திப்பும் பரங்கிமலைச் சார்னோக்கைட்டும் தேசியப் புவியியல் நினைவுச்சின்னங்களாகிவிட்டன. உத்திரமேரூர்க் குவாரிகளுக்கு அந்தப் பெருமை தேவையில்லை. மண்ணும் பாறையும் சந்திக்கும் கோட்டை, குழியில் நீர் தேங்குமுன் அளந்து படமெடுத்து வைத்தால் போதும். ஜல்லி லாரி ஏறிப் போகும்; அடுத்த வட்டாரத்தோடு ஒப்பிட அந்த அளவு இங்கேயே இருக்கும்.