கால் எட்டாத வண்டி

எட்டு மாசமா எங்க வீட்டு மாட்டுக்கொட்டகைப் பக்கத்துல ஒரு எக்ஸ்பல்ஸ் வண்டி தார்ப்பாய் போர்த்தி நின்னுச்சு. மகன் வாங்கின வண்டி. கம்பம்மெட்டு ஏறி ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போயிட்டு வந்தவன், கோயம்புத்தூர்ல வேலை கிடைச்சதும் வண்டிய விட்டுட்டுப் போயிட்டான். அவன் என்னை மாதிரி உயரம். ஐஞ்சே முக்கால் அடி.

போன தைக்குப் பிறகு மகளுக்கும் மலையிலதான் வேலை கிடைச்சது. ஒரு ஏலத்தோட்டத்துல கணக்கு எழுதுற வேலை. எங்க ஊர்கள்ல இருந்து மலைக்கு ஆள் ஏத்துற ஜீப்புகளை நீங்க பார்த்திருக்க மாட்டீங்க. விடியுமுன்ன கிளம்பும், ஆள் நிறைஞ்சு பிதுங்கும், திரும்புற நேரத்துக்குக் கணக்கே கிடையாது. அதனால "அண்ணன் வண்டிய நான் எடுத்துக்கிறேன்"னு சொன்னா. ஸ்கூட்டி வாங்கித் தரலாம்தான். ஆனா தோட்டத்துக்குள்ள போற பாதை பூராம் கல்லு, அதுல சின்னச் சக்கரம் தாங்காது. இந்த வண்டிக்கு முன்சக்கரமே 21 இஞ்ச்.

சிக்கல் என்னன்னா, அவ அம்மா மாதிரி. நாலு அடி பதினொரு அங்குலம்.

முதல் நாளே எங்க வீட்டு வாசல் சரிவுல நிறுத்தும்போது கால் தரைக்கு எட்டாம சாய்ஞ்சுட்டா. முழங்கை தேய்ஞ்சு ரத்தம். ஒன்றரைக் குவிண்டாலுக்கு மேல கனம், நான் ஒத்தையாத் தூக்கவே தடுமாறிட்டேன். ஓடுற வண்டி விழாதுங்க. நிக்கப்போற வண்டிதான் விழும். எனக்குப் பயம் வந்துருச்சு, "இந்த வேலையே வேணாம், விட்ரு தாயி"ன்னேன்.

அவ அழுகல. "வண்டிய விக்கணும்னா வில்லுப்பா. வேலைய விடச் சொல்லாத"ன்னா.

ராத்திரி தூக்கம் வரல. காலையில வண்டிய ஒரு பட்டறைக்கு ஓட்டிட்டுப் போய், "எவ்வளவு இறக்க முடியுமோ இறக்கிரு தம்பி"ன்னேன். அவசரம் என்னோடது. பின்பக்கம் சாக்கப்சருக்குக் கீழ ஒரு லிங்க் இருக்கும். அதுக்குப் பதிலா நீளமான லிங்க் போட்டா வண்டி பின்னால உட்கார்ந்துரும். சாயங்காலத்துக்குள்ள ரெண்டு இஞ்ச் இறங்கிருச்சு. சந்தோசமா ஓட்டிட்டு வந்தேன்.

வீட்ல வந்து சைடு ஸ்டாண்டு போட்டா, வண்டி சாயாம நட்டுக்குத்தா நிக்குது. இறங்கின வண்டிக்குப் பழைய ஸ்டாண்டு நீளமாயிருச்சுல்ல. காத்தடிச்சு மறுபக்கம் சுவர்ல போய்ச் சாய்ஞ்சுக்கிச்சு. ராத்திரி லைட்டு ரோட்டைப் பார்க்காம தென்னமரத்தைப் பார்க்குது. மலை வளைவுல நானே ஓட்டிப் பார்த்தேன். பின்னால மட்டும் இறங்கினதால முன்சக்கரம் சொன்ன பேச்சுக் கேக்கல, திருப்பத்துல எதிர்ப்பக்கம் அகலமாப் போகுது. ஆளை ஏத்தி பள்ளத்துல விட்டா டயர் மேல உரசுது. கால் எட்டுறதுக்காக மகளைக் கொண்டைஊசி வளைவுல தள்ளிவிடப் பார்த்தேனேன்னு கை நடுங்கிருச்சு.

அப்புறம் கம்பத்துல வயசான மெக்கானிக் ஒருத்தர்கிட்டப் போனேன். அவர் வண்டியப் பார்க்கல. "யாருண்ணே ஓட்டுறது? கூட்டிட்டு வாங்க"ன்னார். மகளை வண்டி மேல உட்கார வச்சு, அவ குதிகாலுக்கும் தரைக்கும் நடுவுல அளவெடுத்தார்.

முதல்ல பழைய லிங்கையே திரும்ப மாட்டினார். "பின்னால இறக்கினா முன்னால போர்க்கையும் அதுக்குத் தக்கன இறக்கணும், ஸ்டாண்டை வெட்டி வெல்டு வைக்கணும், ஒண்ணைத் தொட்டா நாலைத் தொடணும்"னார். வண்டிய இஷ்டத்துக்கு மாத்துறதுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுல தடை இருக்குன்னும் சொன்னார்.

பிறகு சீட்டைக் கழட்டினார். கம்பெனி அளவுல சீட் உயரம் 825 மில்லிமீட்டர், முப்பத்திரெண்டரை இஞ்ச். நம்ம எக்ஸெல் வண்டி 31 இஞ்ச்தான் கம்மி மாதிரி தெரியும். ஆனா வித்தியாசம் உயரத்துல மட்டும் இல்லையாம், அகலத்துலயும் இருக்காம். அகலமான சீட்டு தொடையை விரிச்சுரும், அந்த அளவுக்குக் கால் குட்டையாயிரும். அதனால ஸ்பாஞ்சை மேல ஒரு இஞ்ச் சீவி, டேங்க் பக்கம் ரெண்டு ஓரத்தையும் ஒடுக்கி, புது ரெக்சின் தைக்க வச்சார். கடைசியா சாக்கப்சர் ஸ்பிரிங்கை இளக்கி விட்டார். மகள் நாப்பத்தஞ்சு கிலோ. அந்தக் கனத்துக்கு ஸ்பிரிங் அமுங்கவே இல்லையாம், இளக்கினதும் உட்கார்ந்தவுடனே கொஞ்சம் அமுங்குது. பின்னால ஆள் ஏத்தினா திரும்ப இறுக்கிக்கணும்.

இவ்வளவுதான். ரெண்டு காலும் முழுசா ஊனலை. "ரெண்டும் எதுக்கு? ஒண்ணு போதும்மா"ன்னுட்டு சொல்லிக் கொடுத்தார்: நிறுத்துமுன்ன இடுப்பை இடதுபக்கம் நகர்த்தி இடதுகாலை ஊனு, வலதுகால் பிரேக்குல இருக்கட்டும், சரிவுல எந்தப்பக்கம் மேடோ அந்தப்பக்கம் காலை வை. பத்து நாள் எங்க தோட்டத்து வண்டிப்பாதையில நிறுத்தி நிறுத்திப் பழகினா. பதினொண்ணாம் நாள் மலையேறிட்டா. அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் நான் செல்போனைக் கீழ வைக்கல.

அவ பழகின அந்தப் பத்து நாளும் தோட்டத்துல திராட்சை வெட்டு. வெட்ட வந்த பொம்பளைக எல்லாரும் பிளாஸ்டிக் டிரேயைக் கவுத்துப்போட்டு மேல ஏறி நின்னு எக்கி எக்கி வெட்டுறாங்க. மகள் வண்டிய நிறுத்திட்டுக் கேட்டா: "ஏப்பா, இந்தப் பந்தல் யாரு உயரத்துக்குப் போட்டது?"

எங்க அப்பா உயரத்துக்கு. அவர் தலை இடிக்காம நடக்கப் போட்டது. முப்பது வருசமா அந்த டிரேயை நானும் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன், ஒருநாளும் கண்ணுல படல. கல்லுக்கால் ஊனி, கொடி படர்ந்த பந்தலை இனி இறக்க முடியாது. அதுக்கு அகலமா நாலு பலகை முக்காலி அடிச்சுப் போட்டிருக்கேன். கீழக்காட்டுல புதுசாப் போடுற பந்தலுக்குக் கம்பி கட்டுமுன்ன, வெட்டுக்கு வர்ற அக்காமார்களைக் கையைத் தூக்கி நிக்கச்சொல்லி அளவெடுத்தேன். சிரிச்சாக. மூணு அங்குலம் இறக்கித்தான் கட்டியிருக்கேன்.

அதுக்குள்ள நான்தான் கொஞ்சம் குனிஞ்சு போகணும். போயிக்கிறேன்.