பொட்டலம் சுமக்கும் பூச்சிகள்

சென்ற விடுமுறையில் நாம் தேக்காவுக்குச் சென்று, பஃபலோ சாலைக்கருகே அடுக்குமாடி வீடொன்றில் வசிக்கும் நமது அத்தையாரோடு இரண்டு நாள் தங்கியிருந்தோம். காலையில் காப்பி அருந்திக்கொண்டிருக்கையில் அவர் சுவரைச் சுட்டிக் காட்டி, "ஏன் தம்பி, உங்கள் தோட்டத்துப் பூச்சியைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்துவிட்டாயா?" என்று கேட்டார். பூசணி விதை போன்ற சாம்பல் நிறப் பொட்டலம் ஒன்று சுவரில் ஊர்ந்துகொண்டிருந்தது. அத்தையாரும் ஜொகூர்த் தோட்டத்தில் வளர்ந்தவரே. செம்பனை ஓலையில் தொங்கும் 'உலாட் புங்குஸ்' அவருக்குப் பழக்கமானது. ஆகவே அவர் கேட்டது வெறும் கேலியன்று.

அன்று அவருக்குச் சொன்ன விடையை இங்கே சற்று விரித்து எழுதுகிறோம். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் பிழை வீட்டில் நேர்ந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். தோட்டத்தில் இதுபோன்ற பிழை நேர்ந்தால் அதற்கு விலை கொடுப்பவர் வேறு.

சுவர்ப் பூச்சியின் கூடு தட்டையானது. நடுவில் அகன்று இரு முனையும் குறுகியது. இரு முனையிலும் வாயிலுண்டு. உள்ளிருக்கும் புழு வேண்டியபோது திரும்பி எம்முனையாலும் தலையை நீட்டும். மணலும் தூசியும் நூல் துணுக்கும் அதன் கட்டடப் பொருள்கள். சிலந்தி வலை, கம்பளி, உதிர்ந்த மயிர் அதன் உணவு. முதிர்ந்தபின் ஆணும் பெண்ணும் சிறகு பெற்று அந்துப்பூச்சியாகப் பறக்கும். முன்னாளில் இதனைக் கம்பளித் துணியை அரிக்கும் அந்தின் பேரினத்திலேயே சேர்த்து வைத்திருந்தனர். 1956ஆம் ஆண்டில் ஹிண்டன், பிராட்லி என்னும் இருவர் இதற்கெனப் 'பெரியோயிக்கா' என்னும் தனிப் பேரினத்தை வகுத்தனர்.

தோட்டத்துப் பொட்டலப் புழுவோ முற்றிலும் வேறு குடும்பம். அதன் பை ஓலைத் துணுக்குகளால் ஆனது. பச்சை இலையே உணவாகையால் சுவரில் அதற்கு வாழ்வில்லை. அதன் பெண்ணுக்குச் சிறகுமில்லை, நடக்கக் காலுமில்லை. தான் கட்டிய பைக்குள்ளேயே இருந்து, சிறகுடைய ஆண் தேடி வந்து கூடியபின், அங்கேயே முட்டையிட்டு மடிகிறது. பொரித்த குஞ்சுகள் நூலிழை விட்டுக் காற்றில் மிதந்து அடுத்த மரத்தைச் சேர்கின்றன. நாம் படித்த ஆங்கிலப் பள்ளியின் பாடநூலில் அந்துப்பூச்சி என்றால் விளக்கைச் சுற்றுவதென்று மட்டுமே இருந்தது.

செம்பனையில் இப்புழு முக்கியமாக மூவகை. அவற்றுள் பெரியதை 1928இல் டாம்ஸ் என்பார் புதிய இனமென விவரித்து, மலாயாவில் பூச்சியியல் அதிகாரியாயிருந்த கார்பெட்டின் பெயரால் 'மஹாசேனா கார்பெட்டி' என்று அழைத்தார். புதிய இனமென்று சொல்வது எளிய காரியமன்று. பெண்ணுக்குச் சிறகில்லாமையால், ஆணின் சிறகு நரம்பு, உணர்கொம்பு, பிறப்புறுப்பு ஆகியவற்றை உருப்பெருக்கியில் ஆராய்ந்து, உறவினங்களோடு ஒப்பிட்டு, வேற்றுமையை எழுத வேண்டும். பெயர் தாங்கும் மாதிரி உடலொன்றைக் காப்பகத்தில் வைக்கவும் வேண்டும். ஆனால் தோட்டத்தில் நிற்பவருக்குப் பையே போதும். கார்பெட்டியின் பை நான்கு சென்டிமீட்டர் அளவும் வளரும். கிழிந்த கூரை போல் பெரிய ஓலைத் துண்டுகள் அதில் நீட்டி நிற்கும். 'மெட்டிசா பிளானா'வின் பை ஏறத்தாழ ஒன்றரைச் சென்டிமீட்டர். கூட்டுப்புழுவாகும் காலத்தில் கொக்கிபோன்ற காம்பினால் ஓலையடியில் மாட்டிக்கொள்ளும். 1929இல் பிரெஞ்சுக்காரரான ழோவானிஸ் விவரித்த 'டெரோமா பெண்டுலா' மூன்றிலும் சிறியது. அது முதிர்ந்தபோதும் ஒரு சென்டிமீட்டர்தான் இருக்கும்; அப்போது நீண்ட நூலில் தொங்கும். பெண்டுலா என்னும் லத்தீன் சொல்லின் பொருளே தொங்குவது என்பதாம்.

இத்தனையும் நாம் புத்தகத்தில் படித்திருந்தோம். படித்தும் தவறினோம். சில ஆண்டுகளுக்கு முன், நாம் கிராணியாயிருந்த ஒரு தோட்டத்தில் புழுக் கணக்கெடுத்தபோது, வெட்டிய ஓலையில் சிறு பைகள் நிறைய இருந்தன. சிறியன ஆகையால் பிளானாவின் இளம்புழு என்று கணக்கேட்டில் எழுதினோம். உடன் நின்ற வயதான அம்மாள் ஒருவர், "ஐயா, இது குஞ்சு இல்லை, கிழடு. நூலில் தொங்குது பாருங்கள்" என்றார். நாம் பேனாவை மூடிவிட்டோம். நமது வரியை நம்பி மருந்து தெளித்தார்கள். பெண்டுலா அதற்குள் பையை மூடிக்கொண்டு கூட்டுப்புழுவாகியிருந்தது. மருந்து அதைத் தொடவேயில்லை. சில வாரங்களில் அடுத்த தலைமுறை ஓலையை அரிக்கத் தொடங்கிற்று. தெளிப்பானை முதுகில் சுமந்து மறுமுறை அந்த வரிசைகளில் நடந்தவர்களில் அந்த அம்மாளும் ஒருவர். ஒரு வாரம் அவர் கண் சிவந்திருந்தது. நமது ஏட்டில் அவர் பெயர் நாட்கூலிப் பக்கத்தில் மட்டுமே இருந்தது. அவர் சொன்னதை எழுதுவதற்கு அதில் இடமில்லை.

நஞ்சு குறிதவறுவது புதிதுமன்று. 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் மலாயாச் செம்பனைத் தோட்டங்களில் கண்ட பூச்சியையெல்லாம் கொல்லும் நஞ்சுகளைத் தெளித்தனர். பொட்டலப் புழு குறைவதற்குப் பதிலாகப் பெருகிற்று. பைக்குள் புழு பத்திரமாயிருக்க, அதன் உடலில் முட்டையிட்டு அதை அழிக்கும் சிறு குளவிகளே மாண்டன. வுட் என்னும் ஆராய்ச்சியாளர் இதனை எடுத்துக் காட்டினார். இந்நாளில் அக்குளவிகளுக்குத் தேன் கிடைக்கட்டுமென்று, மஞ்சள் பூப்பூக்கும் டர்னெரா முதலிய செடிகளைத் தோட்டப் பாதையோரம் நடுகின்றனர். தேக்காவிலிருந்து வருவோர் அதனை அலங்காரமென்று எண்ணிப் படமெடுத்துப் போவதுண்டு.

இப்போது நமது கணக்கேட்டில் மூவகைக்கும் தனித்தனிப் பத்தி உண்டு, 'தொங்குகிறதா?' என்று ஒரு பத்தியும், 'பார்த்தவர் பெயர்' என்று ஒரு பத்தியும் சேர்த்திருக்கிறோம். மேலதிகாரி முதலில் முகம் சுளித்தார், பிறகு விட்டுவிட்டார்.

அத்தையார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, சுவரில் இருப்பதற்குத் தமிழில் என்ன பேர்?" என்றார். லத்தீன் பெயரை அத்தனை சரளமாகச் சொன்ன நமக்கு விடை வரவில்லை. "சுவர்ப் பொட்டலம் என்று எழுதிக்கொள்" என்று கூறியவர், ஒட்டடைக் கோலை எடுத்து, மூலையிலிருந்த சிலந்தி வலையை இழுக்கத் தொடங்கினார். அதுதான் அதன் சாப்பாடு என்று நாம் சொன்னதை அவர் மறக்கவில்லை.