பாரிவேட்டையும் மக்காச்சோளக் காடும்

திருமங்கலத்துக்கு மேற்கே கரிசலில் மூன்று ஏக்கர் மானாவாரி வைத்திருக்கும் அந்தப் பெரியவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. அவருடைய சின்ன வயதில், மாசி சிவராத்திரி கழிந்ததும் ஊரே பாரிவேட்டைக்குக் கிளம்பும். ஆளுக்கொரு கம்பு, நாலைந்து நாய்கள், தோளில் வலை. கண்மாய்க்கரையை வளைத்து முயல் அடித்து, கோயில் வாசலில் பங்கு வைப்பார்கள். பங்கு வராத வீட்டில் ஒரு மாதம் முறைப்பு இருக்கும்!

பரி என்றால் குதிரை. சாமி குதிரை வாகனத்தில் வேட்டைக்குப் புறப்படுவது பரிவேட்டை. அதுவே ஊர் வாயில் பாரிவேட்டை ஆனது என்பார்கள்.

போன வருஷம் குதிரைவாலி போடும் காட்டில் மக்காச்சோளம் போட்டார். கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் சீமைக்கருவேலப் புதருக்குள்ளிருந்து வந்த காட்டுப்பன்றிகள் ஒரே ராத்திரியில் அரை ஏக்கரைச் சாய்த்துவிட்டன. மகன் செல்போனில் ஒரு வீடியோ காட்டினான். அமெரிக்க மலைக்காடு, குதிரையில் வழிகாட்டி முன்னே போக, துப்பாக்கியோடு பின்னால் வேட்டைக்காரர்கள். கோவேறு கழுதை போல நீண்ட காதுள்ள மான்.

“அங்க மட்டும் விடுறாங்களே, நமக்கு ஏம்ப்பா தடை?”

அங்கேயும் இஷ்டத்துக்குச் சுட முடியாது. எந்தப் பகுதியில் எத்தனை மான் என்பதை மாநில அரசு முடிவு செய்து சீட்டு கொடுக்கும். வயோமிங் மாநிலத்தில் வனாந்தரம் (wilderness) என்று அரசு அறிவித்த பகுதிகளில், வெளி மாநிலத்தார் வழிகாட்டியோ உள்ளூர்த் துணையோ இல்லாமல் மான் வேட்டைக்குப் போகவே கூடாது. நம் நாட்டில் 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முயல் வரைக்கும் காக்கிறது. சிவராத்திரி சமயத்தில் வலையோடு போய் வனத்துறையிடம் சிக்கி அபராதம் கட்டியவர்கள் இந்தப் பக்கம் உண்டு.

மகன் கேட்கவில்லை. பக்கத்துக் கிணற்று மோட்டார் ரூமிலிருந்து கம்பி இழுத்து, காட்டைச் சுற்றிக் கட்டிவிட்டான். பொழுது சாயும்போதுதான் பெரியவர் பார்த்தார். விடிந்தால் கிடை ஆட்டுக்காரப் பெண் அந்த வரப்பு வழியாகத்தான் வரவேண்டும். சோலார் வேலி விட்டுவிட்டுத் துடிப்பாக அடிக்கும், உயிர் போகாது. நேர்க்கம்பி தொட்டவரைப் பிடித்துக்கொள்ளும். ஃபியூஸைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அப்பனும் மகனும் இரண்டு நாள் பேசவில்லை.

மூன்றாம் நாள் இருவரும் அடங்கல், சேதத்தின் போட்டோ எல்லாம் எடுத்துக்கொண்டு வி.ஏ.ஓ.வைப் பார்த்தார்கள். பிறகு வனச்சரக அலுவலகத்தில் நிவாரண மனு. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ.க்குள் பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும். அதற்கு அப்பால் வனத்துறையினரே சுடலாம், விவசாயி சுடக்கூடாது. (இது தெரியாமல் நாட்டுவெடி தேடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.)

இந்தப் புரட்டாசியில் பாதிக்காட்டில் குதிரைவாலி, பாதியில் மக்காச்சோளம். வரப்போரச் சீமைக்கருவேலத்தை வெட்டி, பழைய சேலைகளை வேலியாகக் கட்டியாயிற்று. ஐயனார் கோயில் மண்குதிரைகள் தெரிகிற மூலையில் ஒரு பரண். முன்சாமம் பெரியவர், பின்சாமம் மகன். முறை மாற வரும்போது மகன் ஃபிளாஸ்கில் டீ கொண்டுவருகிறான்.