மூலபாடம்

1993இல் மாருதி வெளியிட்ட ஜென், 993 சி.சி. கார்புரேட்டர் வண்டி. அதன் சிறிய உடம்புக்கு அந்த இன்ஜின் சற்று அதிகப்படி. வேகப்பிரியர்கள் அதை நாடியதும் அதனால்தான். 2006இல் தயாரிப்பு நின்றது. அப்படியொன்றை ஓடைப்பட்டியில், திராட்சைப் பந்தலோரத் தகரக் கொட்டகையில், பழக்கமில்லாத கைகளால் புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன்.

பிரிக்கப் பிரிக்க வெளிப்படுவது கம்பெனி அல்ல, பல மெக்கானிக்குகள். ஆக்ஸிலேட்டரில் ஒரு சைக்கிள் ஸ்டாண்ட் ஸ்பிரிங். டயாஃபிரம் கிழிந்த ஓர் உறுப்புக்குச் செல்லும் வாக்குவம் குழாயின் வாயில் அடைப்பாக ஒரு போல்ட். ஏட்டில் இடைச்செருகலைக் காணும் பதிப்பாசிரியனின் எரிச்சல் எனக்கு. களைந்து மூலத்தை மீட்பதே என் கட்சி. கவிதை விஷயத்தில் இன்றும் அதுவே.

ஆனால் போல்ட்டை உருவினால் வெளிக்காற்று புகுந்து, கலவை மெலிந்து, ஐடிலில் இன்ஜின் நடுங்குகிறது. அது இடைச்செருகல் அல்ல, உரை. முகமறியாத எவனோ, பாகம் கிடைக்காத ஒரு நாளில், பிரதியைச் சரியாக வாசித்திருக்கிறான். ஸ்பிரிங் அப்படியல்ல, மிதியின் நுட்பத்தையே கொல்கிறது. இரண்டும் ஒட்டுவேலைதான். ஒன்று விளக்குகிறது, மற்றது மறைக்கிறது. இந்த வித்தியாசத்தைக் காணாத மூலபக்தி விமர்சனமாகாது.

ஸ்பிரிங்கை மாற்றிவிட்டேன். டயாஃபிரம் கிடைக்கும்வரை போல்ட் இருக்கும்.