கெய்ரோவில் ஒரு நெடும்பகல்

பயணத் திட்டம் வகுத்தவன் நான்தான். ஆகவே அன்றைய களைப்புக்கும் நானே பொறுப்பு.

2024 பிப்ரவரியில் எங்கள் மதரஸாவின் இறுதியாண்டு மாணவர் பதினால்வரை எகிப்துக்கு அழைத்துச் சென்றிருந்தோம். கெய்ரோவுக்கெனக் கிடைத்தவை மூன்றே நாட்கள். இரண்டாம் நாளுக்கு நான் எழுதி வைத்திருந்த பட்டியல் இது: கீஸாவின் பிரமிடுகள், அம்ர் பள்ளிவாசல், இப்னு தூலூன் பள்ளிவாசல், சுல்தான் ஹஸன் மதரஸா, ஸலாஹுத்தீன் கோட்டை, நிறைவாக இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் அடக்கத்தலம். பட்டியலைக் கண்ட சக ஆசிரியர், "ஹஸ்ரத், நாம கூட்டிட்டு வந்திருக்கிறது பிள்ளைகளையா, குதிரைகளையா?" என்றார். சிரித்து மழுப்பிவிட்டேன்.

ஸுபுஹு தொழுகைக்குப் பின் புறப்பட்டோம். பிரமிடுகளைப் பற்றி நான் புதிதாக எழுத ஏதுமில்லை. மணலும் காற்றும் ஒட்டகக்காரர்களின் வற்புறுத்தலும் சேர்ந்து முற்பகலை விழுங்கிவிட்டன.

லுஹருக்கு அம்ர் பள்ளிவாசலை அடைந்தோம். எகிப்தை வென்ற அம்ரிப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் கி.பி. 642 வாக்கில் எழுப்பிய இப்பள்ளி, ஆப்பிரிக்கக் கண்டத்தின் முதல் பள்ளிவாசலாகக் கருதப்படுவது. பலமுறை விரிவாக்கித் திரும்பக் கட்டப்பட்டதால் அந்நாளைய சுவர் எதுவும் இன்றில்லை. எனினும் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் தம் இறுதி ஆண்டுகளில் பாடம் நடத்தியது இங்கேதான். பக்தாதில் தாம் கூறிய சட்டங்கள் பலவற்றை எகிப்து வந்தபின் மறு ஆய்வு செய்து, புதிய முடிவுகளைத் துணிந்து அறிவித்த பெருமகன் அவர். பழைய சொல், புதிய சொல் என்று நம் கிதாபுகளில் ஓதிக்கொடுக்கும் பாகுபாட்டின் பிறப்பிடத்தில் அமர்ந்து அதை விளக்கியபோது, மாணவர்களின் கண்கள் விரிந்தன. பயணிகள் என்பதால் ஷாஃபிஈகளான நாங்கள் லுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதோம். எங்களுடன் வந்த ஹனஃபி மாணவர் மூவர் அஸரைப் பின்னுக்கு வைத்துக்கொண்டனர்.

இப்னு தூலூன் பள்ளி 879 இல் நிறைவுற்றது. அதன் மினாராவில் படிகள் வெளிப்புறமாகச் சுற்றி ஏறுகின்றன. எல்லோரும் ஏறியே ஆகவேண்டும் என்றேன். ஏறினார்கள். இறங்கி வரும்போதுதான் காயல்பட்டினத்து மாணவன் ஒருவன் பின்தங்குவதைக் கவனித்தேன். அங்கிருந்து சுல்தான் ஹஸன் மதரஸாவுக்கு நடந்தே சென்றோம். வழியெல்லாம் அவன் கடைசி ஆளாகவே வந்தான். மதரஸா வாயிலில் அவனுக்காகக் காத்து நிற்க நேர்ந்தது. "நீ ஊர் சுற்ற வந்தாயா, கல்விக்காக வந்தாயா?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டேன். அவன் தலைகுனிந்து நின்றான்.

1356 இல் தொடங்கப்பட்ட அம்மதரஸா, ஆசிரியத் தொழிலில் உள்ள எவரையும் வாயடைக்கச் செய்யும். நடுமுற்றத்தின் நான்கு பக்கமும் வானளாவிய நான்கு வளைவு மண்டபங்கள். நான்கு மூலைகளில் நான்கு மத்ஹபுகளுக்கும் தனித்தனி மதரஸாக்கள். மாடி மாடியாக மாணவர் அறைகள். ஹனஃபி மாணவர்கள் தங்கள் அஸரை அங்கே தொழுதனர். கொள்ளைநோயில் வாரிசின்றி மாண்டோரின் சொத்துகள் அரசுக்குச் சேர்ந்த காலம் அது; அச்செல்வமும் இக்கட்டடத்துக்குத் துணையாயிற்று. 1361 இல் இதன் மினாராக்களுள் ஒன்று இடிந்து விழுந்து முந்நூறு பேர் வரை மாண்டனர் என்கிறது வரலாறு. கீழே இருந்த பள்ளிக்கூடத்தில் ஓதிக்கொண்டிருந்த அநாதைச் சிறுவர்களும் அவர்களுள் அடக்கம். சில வாரங்களில் சுல்தானும் கொல்லப்பட்டார். அவருக்கெனக் கட்டிய அடக்க மண்டபத்தில் அவருடல் இல்லை. இவற்றையெல்லாம் நான் சொல்லி முடித்துத் திரும்பிப் பார்த்தபோது, பாதிப்பேர் தூண்களில் சாய்ந்து உறங்கியிருந்தார்கள்!

கோட்டையைக் கீழிருந்தே பார்த்து விடைபெற்றோம். "இமாமின் தலத்தை நாளை வைத்துக்கொள்வோம், பிள்ளைகள் ஓய்வெடுக்கட்டும்" என்றார் சக ஆசிரியர். நானும் இசைந்தேன். அப்போது முன்னே வந்து மறுத்தவன் அந்தக் காயல் மாணவன்தான். "ஹஸ்ரத், நாளைக்கு நேரம் கிடைக்காமப் போயிட்டா? இன்னைக்கே போயிடுவோமே" என்று கெஞ்சினான். நடக்கச் சோம்பியவனுக்கு இவ்வளவு ஆர்வமா என்று எனக்கு வியப்பு.

தெற்கே பரந்து கிடக்கும் பழைய மையவாடியின் நடுவே பேருந்து எங்களை இறக்கியபோது சூரியன் சாய்ந்துகொண்டிருந்தது. 1211 இல் சுல்தான் அல்காமில் எழுப்பிய குப்பா அது. மரத்தாலான கூட்டின்மேல் ஈயத் தகடு போர்த்தியிருக்கிறார்கள். பல ஆண்டுப் பழுதுபார்ப்புக்குப் பின் 2021 இல் மீண்டும் திறக்கப்பட்டது. உச்சியில் பிறைக்குப் பக்கத்தில் உலோகத்தாலான சிறு படகு ஒன்று உண்டு. பறவைகளுக்குத் தானியம் இடுவதற்காக அமைத்தது என்பர். "எங்க ஊர்த் தோணி மாதிரியே இருக்கு" என்று அந்த மாணவன் அண்ணாந்து நின்றான்.

மஃரிபுக்கு ஒளூச் செய்ய அமர்ந்தோம். என் பக்கத்தில் அமர்ந்தவன் காலுறையைக் கழற்றத் தயங்கினான். கழற்றியபோது துணி தோலோடு ஒட்டி வந்தது. இரு குதிகாலிலும் கொப்புளங்கள் உடைந்திருந்தன. தண்ணீர் சிவந்து ஓடியது. பயணத்துக்கென்று வீட்டில் வாங்கித் தந்த புதுச் சப்பாத்து! காலையிலிருந்து கடித்திருக்கிறது. சொன்னால் விடுதிக்கு அனுப்பிவிடுவேனோ என்று அஞ்சி, பிள்ளை மறைத்திருக்கிறான்.

"ஏன் சொல்லவில்லை?" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"வாப்பும்மா இமாமுக்கு ஸலாம் சொல்லி அனுப்பினாங்க ஹஸ்ரத். வாங்கிட்டு வந்த ஸலாம், சேர்த்திடணும்ல?" என்றவன், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நம்ம மத்ஹபுல இரத்தம் வந்தா ஒளூ முறியாதுல்ல ஹஸ்ரத்?" என்று சிரித்தான். ஃபத்ஹுல் முயீன் கிதாபில் நான் ஓதிக்கொடுத்த பாடம்! அதை அந்த இமாமின் வாசலிலேயே எனக்கு ஒப்புவித்தான்.

மதரஸா வாயிலில் பேசிய பேச்சுக்கு மாணவர் முன்னிலையில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். எல்லோர் முன்னும் கடிந்ததை எல்லோர் முன்னும்தானே திருப்பியெடுக்க வேண்டும்.

ஸியாரத் குறித்து நம் இல்லங்களில் கருத்து வேறுபாடு உண்டு. அவ்வாதத்துக்கு இது இடமன்று. தொழுகை முடிந்தபின் அவன் வெறுங்காலுடன் உள்ளே சென்று ஸலாம் உரைத்து, வாப்பும்மாவின் ஸலாமையும் பெயர் சொல்லிச் சேர்ப்பித்து, எல்லோருக்குமாக துஆச் செய்தான். நாங்கள் ஆமீன் சொன்னோம்.

திரும்பும்போது என் செருப்பை அவனுக்குக் கொடுத்துவிட்டு, அவன் சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டேன். இரவு விடுதியில் மூன்றாம் நாள் பட்டியலை எடுத்தேன். அதில் ஏழு இடங்கள் இருந்தன. ஐந்தை அடித்துவிட்டுச் சக ஆசிரியரிடம் நீட்டினேன்.

"இன்னும் ஒண்ணை அடிங்க ஹஸ்ரத்" என்றார். அடித்தேன்.