தோழி கூற்று

கருவுற்ற பெண்ணின் உடலைப் பற்றி நம் பழைய சொற்கள் பேசும்போது பெரும்பாலும் ஆசையைத்தான் பேசுகின்றன. 'வயா' என்பதற்கு மிகுந்த வேட்கை என்று பொருள் சொல்கிறது தொல்காப்பிய உரியியல். புறநானூற்றின் 20ஆம் பாடலில் குறுங்கோழியூர் கிழார் சேர மன்னன் ஒருவனின் நாட்டைப் புகழும்போது, அந்த மண்ணைக் கருவுற்ற பெண்கள் வேட்கையால் உண்பார்களே தவிரப் பகைவரால் உண்ண முடியாது என்கிறார். அன்று மண், பிறகு மாங்காய், புளி, அடுப்புச் சாம்பல். திரைப்படங்கள் வந்தபின் இந்த மரபு இன்னும் எளிமையாயிற்று. கதாநாயகி வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடுவாள். அடுத்த காட்சியில் வீட்டில் எல்லோருக்கும் இனிப்பு.

எதையுமே உள்ளே அனுமதிக்காத உடலுக்கு நம்மிடம் தனியாக ஒரு வீட்டுச் சொல் இல்லை. மருத்துவம் அதை ஹைப்பர்எமெசிஸ் கிராவிடாரம் என்கிறது. வீட்டில் 'அவளுக்கு மசக்கை கொஞ்சம் ஜாஸ்தி' என்பார்கள். இந்தக் 'கொஞ்சம் ஜாஸ்தி'க்குள் ஒரு பெண் எவ்வளவு தூரம் காணாமல் போக முடியும் என்பதை 2017ஆம் ஆண்டில் என் தங்கையின் படுக்கையருகே இருந்து பார்த்தேன்.

ஆறாவது வாரத்தில் தொடங்கியது. பத்தாவது வாரத்தில் 54 கிலோ எடை 47 ஆகியிருந்தது. ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து முறை வாந்தி. குக்கர் விசிலுக்கு முன்பே வரும் பருப்பின் வாசனை, கடுகு தாளிப்பு, சாம்பிராணி, கணவர் குளித்துவிட்டு வரும் சோப்பு, கடைசியில் தண்ணீருக்கும் ஒரு வாடை இருப்பதாகச் சொன்னாள். தன் எச்சிலையே விழுங்க முடியாமல் கையில் ஒரு டம்ளரை வைத்துக்கொண்டு துப்பிக்கொண்டிருந்தாள். எங்கள் தெருவில் அவளைப் பார்க்க வந்த ஒவ்வொருவரும் ஒரு வைத்தியத்தோடு வந்தார்கள். இஞ்சிச் சாறு, எலுமிச்சை, நெல்லிக்காய், வெறும் வயிற்றில் ரஸ்க். எல்லாம் சொல்லி முடித்தபின் எழுந்திருக்கும்போது, "நாங்களெல்லாம் பெத்துக்கலையா?" என்ற வாக்கியமும் தவறாமல் வந்தது. முதலில் பார்த்த மருத்துவரும் அவள் தலையைத் தடவி, "மனசைத் திடமா வச்சுக்கோம்மா" என்று அனுப்பிவிட்டார்.

மனம்தான் காரணம் என்ற இந்தக் கருத்துக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் மேலை நாடுகளின் உளவியல் சார்ந்த மருத்துவம், தாய்மையை ஆழ்மனத்தில் மறுக்கும் பெண்தான் இப்படி வாந்தியெடுக்கிறாள் என்று நம்பியது. உறவினரைப் பார்க்கவிடாமல் தனிமைப்படுத்துவதும், வாந்திக்கான பாத்திரத்தைக் கொடுக்க மறுப்பதும் சிகிச்சையாகக் கருதப்பட்டன. நோயின் வரலாறு அதைவிடப் பழையது. நாவலாசிரியை சார்லட் பிராண்டி திருமணமான ஒன்பது மாதங்களில், 1855 மார்ச் 31 அன்று, கருவுற்ற நிலையில், 38 வயதில் இறந்தார். சான்றிதழில் எழுதப்பட்டது காசநோய். ஓயாத குமட்டலும் வாந்தியும் அவர் உடலைத் தின்று தீர்த்ததைக் கொண்டு, இந்த நோயே காரணமாக இருக்கலாம் என்று பிற்காலத்தில் பலர் கருதினார்கள்.

உண்மையான விடை கிடைக்க 2023 டிசம்பர் வரை ஆயிற்று. 'நேச்சர்' இதழில் அம்மாதம் வெளியான ஆய்வு, ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோனைச் சுட்டியது. கரு வளர வளர இந்த ஹார்மோன் தாயின் இரத்தத்தில் ஏறுகிறது. அது மூளைத்தண்டைத் தொட்டுக் குமட்டலை எழுப்புகிறது. கருவுறுவதற்கு முன் யாருடைய உடலில் அது இயல்பாகவே குறைவாக இருந்ததோ, அவர்களுக்கு இந்தத் திடீர் ஏற்றம் தாங்க முடியாததாகிறது. பீட்டா தலசீமியா உள்ள பெண்களின் இரத்தத்தில் அது எப்போதுமே மிகுந்திருக்கும்; அவர்கள் கருவுறும்போது குமட்டல் மிகக் குறைவு. இந்த உண்மையைத் தந்ததில் இலங்கை ஆய்வாளர்களுக்கும் பங்குண்டு. ஆய்வை முன்னெடுத்தவர்களில் ஒருவரான மார்லினா ஃபெய்சோ, 1999இல் இதே நோயால் தன் கருவைப் பதினைந்தாவது வாரத்தில் இழந்தவர். அவர் சொன்னதை அன்று அவருடைய மருத்துவரும் நம்பவில்லை. நம்பப்படாத ஒருத்தி கால் நூற்றாண்டு உழைத்து அதன் காரணத்தைக் கண்டறிந்தாள் என்பது, அறிவியல் செய்தி என்பதையும் தாண்டி எனக்கு ஒரு பெருங்கதையாகவே படுகிறது.

2017இல் எங்களிடம் இந்த விடை இல்லை. எங்களிடம் வந்தது ஒரு பெண்மணி. என் தங்கையின் அலுவலகத் தோழி ஒருத்தி அனுப்பிவைத்தாள். டூலா என்றார்கள். பிரசவத்தின்போது கூட இருந்து கையைப் பிடித்துக்கொள்பவர் என்ற அளவில்தான் எனக்கு அந்தச் சொல் தெரிந்திருந்தது. பத்தாவது வாரத்தில் அவருக்கு என்ன வேலை என்று என் அம்மா கேட்டாள். நியாயமான கேள்விதான்.

வந்தவர் எந்த வைத்தியமும் சொல்லவில்லை. தலையில் பூ இல்லை, வாசனை எண்ணெய் இல்லை. வருவதற்கு முன்பே அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார். தரையில் உட்கார்ந்தார். "எத்தனை மணி நேரமா குமட்டுது? எத்தனை முறை வெளியே வந்தது? ஒண்ணும் வராம வெறுமனே ஓங்கரிச்சது எத்தனை முறை?" என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். மருத்துவர்களும் இதே மூன்று கேள்விகளுக்கு மதிப்பெண் போட்டுத்தான் நோயின் கடுமையை அளக்கிறார்கள் என்பதைப் பின்னால் அறிந்தேன். சிறுநீர் கடைசியாக எப்போது, என்ன நிறம் என்பதையும் எழுதினார். அதுவரை 'ரொம்ப முடியலை' என்ற இரண்டு சொற்களாக இருந்த என் தங்கையின் துன்பம் அந்த நோட்டில் எண்களாக மாறியது.

பிறகு அம்மாவிடம் சென்று, சமையலைப் பத்து நாளைக்கு மாடிவீட்டு அடுப்புக்கு மாற்ற முடியுமா என்று கேட்டார். பார்க்க வருபவர்களை வாசலிலேயே பேசி அனுப்பும் பொறுப்பை என் மைத்துனரிடம் கொடுத்தார். மறுநாள் எங்களோடு வேறொரு மருத்துவரிடம் வந்தார். அங்கே அவர் பேசியது மிகக் குறைவு. நோட்டைத் திறந்து மேசைமேல் வைத்தார். கேட்க வேண்டிய கேள்விகளை முந்தைய இரவே என் தங்கையிடம் எழுதிக் கொடுத்திருந்தார். அதில் ஒன்று: குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் வைட்டமின் பி1 கொடுக்க வேண்டுமா? பல வாரங்கள் உணவில்லாத உடலில் பி1 இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மூளைக்கே ஆபத்து நேரலாம். மருத்துவர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். பிறகு எழுதினார். அன்றே அனுமதித்தார்கள்.

பன்னிரண்டாவது வாரத்தில் ஓர் இரவு என் தங்கை, "கலைச்சிடலாமா?" என்று கேட்டாள். மூன்று ஆண்டுகள் காத்திருந்து உண்டான கரு. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அறையை விட்டு வெளியேறினாள். அந்தப் பெண்மணி வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. "நீ குழந்தை வேண்டாம்னு சொல்லலை. இந்த நோவு வேண்டாம்னு சொல்றே. இரண்டும் வேறன்னு எனக்குத் தெரியும். நாளைக்கு டாக்டர்கிட்ட இதையே சொல்லுவோம். இன்னும் தராத மருந்து என்ன இருக்குன்னு கேப்போம். அப்புறமும் உனக்கு இதுதான்னா, அப்பவும் நான் வரேன்" என்றார். அந்த 'அப்பவும்' என்ற சொல்லுக்குப் பிறகு என் தங்கை இரண்டு மணி நேரம் தூங்கினாள்.

அன்று எனக்கு அகப்பாடல்களின் தோழி நினைவுக்கு வந்தாள். தலைவி மெலிகிறாள், நிறம் மாறுகிறாள். தாய்க்குக் காரணம் தெரியவில்லை. முருகு அணங்கியது என்று முடிவு செய்து வேலனை அழைக்கிறாள். கழங்கு உருட்டுகிறார்கள், ஆட்டை அறுக்கிறார்கள், வெறியாட்டு நடக்கிறது. அன்பில்லாத தாய் அல்லள் அவள். அன்பினால்தான் தவறான நோய்க்குச் சரியான சடங்கைச் செய்கிறாள். தலைவியால் பேச முடியாது. அப்போது தோழி எழுந்து, இது முருகனால் வந்ததன்று என்று வெறியை விலக்குகிறாள்; உண்மையை உரியவரிடம் உரிய சொல்லில் சேர்க்கிறாள். அறத்தொடு நிற்றல் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள் நம் முன்னோர். தோழி நோயைத் தீர்ப்பவள் அல்லள். நோய் எது என்பதைத் தவறாகச் சொல்லவிடாதவள்.

டூலா என்பது கிரேக்கத்தில் அடிமைப்பெண்ணைக் குறித்த சொல். மானுடவியலாளர் டேனா ரஃபேல் அதை எடுத்துப் புதிய பொருள் கொடுத்தார். பிரசவ நேரத்தில் தொடர்ந்து ஒருவர் துணையிருந்தால் சிசேரியன் குறைகிறது, வலியின் நேரம் சுருங்குகிறது என்பதை 17 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்ட ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் காக்ரேன் அறிக்கை உறுதிப்படுத்தியது. தமிழக அரசு 2004இலேயே அரசு மருத்துவமனைகளின் பிரசவ அறைக்குள் உறவுப்பெண் ஒருவரை அனுமதிக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. இவையெல்லாம் பிரசவ அறையின் வாசலில் தொடங்குபவை. இந்த நோயோ அதற்கு ஏழெட்டு மாதங்கள் முன்பே, வீட்டின் பின்னறையில், கதவு சாத்திய இருட்டில் நடக்கிறது. அங்கே துணை வேண்டுமென்றால் எங்களைப் போலக் காசு கொடுத்தாக வேண்டும். நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்ணுக்கு யார் வருவார்கள்? அவள் வீட்டுப் படியேறும் கிராம சுகாதாரச் செவிலியரின் கையில் அந்த மூன்று கேள்விகள் இருந்தால்கூடப் போதும் என்று தோன்றுகிறது.

இருபதாவது வாரத்துக்குமேல் வாந்தி குறைந்ததே தவிர, கடைசி நாள்வரை முழுதும் நிற்கவில்லை. பெண் குழந்தை. இரண்டாவது எப்போது என்று உறவினர்கள் இன்றும் கேட்கிறார்கள். ஒருமுறை இந்நோய் கண்டவர்களுக்கு அடுத்த கருவிலும் அது திரும்பி வருவதற்கான வாய்ப்பு அதிகம். என் தங்கை ஒன்றோடு போதுமென்று முடிவு செய்துவிட்டாள். முன்பெல்லாம் இந்தக் கேள்விக்குச் சிரித்து மழுப்புவாள். இப்போது அம்மாவே முந்திக்கொண்டு பதில் சொல்கிறாள்: "அது மசக்கை இல்லை, வியாதி. நான் பார்த்தேன்."