அடுப்பு எரியாத நாள்

(முதுகலை இரண்டாமாண்டு மாணவி, வரலாற்றுத் துறை)

அரசுப் பணியில் வயது நிறைந்து வெளியேறுபவரை 'ஓய்வு பெற்றார்' என்று சொல்வது நம் வழக்கம். என் அம்மா ஒரு சத்துணவுக் கூடத்தில் இருபத்தாறு ஆண்டுகள் சமையலராக இருந்து, 2024ஆம் ஆண்டு ஓய்வு பெற்றார். ஆணை வந்தது, சால்வை போர்த்தினார்கள், புகைப்படமும் எடுத்தார்கள். ஓய்வு மட்டும் வரவில்லை. பள்ளிக்கூடத்து அடுப்பிலிருந்து வீட்டு அடுப்புக்கு மாறினார், அவ்வளவே!

சிங்கப்பூரில் செவிலியராகப் பணிபுரியும் என் அக்காள் இதைப் பார்த்து மனம் பொறாமல், 2025 மார்ச் மாதம் எங்கள் இருவரையும் அங்கே வரவழைத்தாள். வந்த மறுநாளே அவளுடைய சமையலறையை அம்மா தம் ஆட்சிக்குள் கொண்டுவந்துவிட்டார். "இனி இங்கே வைத்திருந்தால் பயனில்லை" என்று அக்காள், பாலித் தீவில் பெண்களுக்கென்றே நடத்தப்படும் நலவாழ்வு இல்லம் ஒன்றில் மூவரும் ஒரு வாரம் தங்க ஏற்பாடு செய்தாள். அவளுடைய பல மாதச் சேமிப்பு அதில் கரைந்தது. எனக்கு விடுப்பளித்த துறைத் தலைவர் அவர்களுக்கு இவ்விடத்தில் என் நன்றி உரியது.

இந்தோனேசியாவில், ஜாவாவுக்குக் கிழக்கே, நிலநடுக்கோட்டிற்குத் தெற்கே ஏறத்தாழ எட்டுப் பாகையில் இருக்கிறது பாலி. சிங்கப்பூரிலிருந்து விமானத்தில் இரண்டரை மணி நேரப் பயணம். நாங்கள் தங்கியது உபுத் என்னும் ஊரின் ஓரத்தில். மருந்து என்று பொருள்படும் 'உபாத்' என்ற பாலி மொழிச் சொல்லிலிருந்தே இவ்வூர்ப் பெயர் வந்தது என்பர். சுற்றிலும் படிப்படியாக இறங்கும் நெல்வயல்கள். மேட்டு வயலுக்கும் பள்ளத்து வயலுக்கும் முறைவைத்து நீர் பகிரும் 'சுபாக்' என்னும் உழவர் அமைப்பு அங்கே பல நூற்றாண்டுகளாக வழங்கி வருகிறது. 2012ஆம் ஆண்டு யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் சேர்த்தது. வாய்க்கால் சலசலப்பைக் கேட்டதும் அம்மாவுக்கு நம் ஊரே வந்துவிட்டதுபோல் இருந்தது.

இல்லத்தின் நடைமுறை எளியது. காலையில் யோகாசனம், பின்னர் 'ஜாமு' என்னும் பானம். மஞ்சளும் புளியும் சேர்த்துக் காய்ச்சிய அந்தச் சாற்றை ஒரு மிடறு குடித்த அம்மா, "இதில் கொஞ்சம் மிளகும் பூண்டும் தட்டிப் போட்டால் ரசம்" என்றார். இந்த ஜாமு மரபை 2023இல் யுனெஸ்கோ பண்பாட்டுச் செல்வமாக ஏற்றுக்கொண்டது என்று அக்காள் சொன்னபோது, அம்மா தம் ரசத்தைப் பற்றிச் சற்றே பெருமைப்பட்டுக் கொண்டார் என்றுதான் நினைக்கிறேன். அதன்பின் 'போரே' பூச்சு. இஞ்சி, கிராம்பு முதலியவற்றை அரிசியோடு அரைத்து உடலெங்கும் பூசுவார்கள். சேற்றிலும் மழையிலும் நின்று உழைத்த உழவர்கள் உடல் வலி தீரவும் சூடு ஏறவும் பூசிக்கொண்ட மருந்து அது. "நாம குழம்புக்கு அரைக்கிறதை இவங்க உடம்புக்கு அரைக்கிறாங்க" என்றார் அம்மா.

ஆனால் பூச்சினால் வலி குறைந்ததே தவிர, பழக்கம் குறையவில்லை. விடியுமுன் எழுந்து விளக்குமாறு தேடுவார். சாப்பிட்ட தட்டைக் கழுவ எழுவார். பணிப்பெண்கள் பதறி ஓடிவருவார்கள்.

மூன்றாம் நாள் மாலை, தங்கியிருந்த பெண்கள் பன்னிரண்டு பேரும் வட்டமாக அமர்ந்தோம். நடத்துகிற அம்மையார் ஒரு கேள்வி கேட்டார்: "நீங்கள் கடைசியாக ஓய்வெடுத்தது எப்போது?" ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கணக்காளர் ஒருவர், கால் எலும்பு முறிந்து மருத்துவமனையில் கிடந்த நாள்களைச் சொன்னார். ஜெர்மானிய ஆசிரியை ஒருவர் புற்றுநோய்ச் சிகிச்சையின்போது என்றார். அம்மாவின் முறை வந்தது. வெகுநேரம் யோசித்தார். பிறகு, "மூத்தவள் பிறந்தப்போ. எங்க அம்மா வீட்டில் நாற்பது நாள். சின்னவள் பிறக்குமுன்னே எங்க அம்மா போய்ச் சேர்ந்துட்டாங்க" என்றார். அக்காள் அதை ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கி, முடிக்க முடியாமல் நிறுத்தினாள். சொல்ல வேண்டிய எஞ்சிய பகுதியை நான் சொன்னேன்.

அந்த வட்டத்தில் நான் கற்றது இது: நாடு வேறு, நிறம் வேறு, வருவாய் வேறு, ஆயினும் பெண்ணுக்கு ஓய்வு என்பது நோயாக வந்தால் உண்டு, பேறாக வந்தால் உண்டு. நலமாக இருக்கும்போது ஓய்வெடுக்கும் உரிமை அவளுக்கு எந்த நாட்டில் எழுதப்பட்டிருக்கிறது?

இன்னொன்றையும் அம்மாதான் முதலில் கண்டார். அவருக்குப் பூச்சுப் பூசிய பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். அம்மாவை மரியாதையாக 'இபு' என்றே அழைப்பாள். இபு என்றால் தாய். அவள் விடியுமுன் எழுந்து, தென்னங்குருத்தில் சிறு தட்டுகள் முடைந்து, பூ வைத்து, வீட்டு வாசலிலும் கோயிலிலும் படைத்துவிட்டு வேலைக்கு வருபவள். 'சானாங்' எனப்படும் அந்தப் படையலைப் பாலிப் பெண்கள் நாள் தவறாமல் செய்கிறார்கள். நமக்கு ஓய்வு தருவதற்காக ஓய்வின்றி உழைக்கிறாள் அவள்! "உனக்கு யார் தேய்த்துவிடுவாங்க?" என்று அம்மா கேட்டார். அக்காள் தனக்குத் தெரிந்த மலாயில் அதைச் சொன்னாள். அந்தப் பெண் சிரித்து, "நியெப்பி வருகிறதே!" என்றாள்.

நியெப்பி என்பது பாலி மக்களின் சக ஆண்டுப் பிறப்பு. 2025இல் அது மார்ச் 29ஆம் நாள், சக ஆண்டு 1947. நமக்குப் புத்தாண்டு என்றால் புத்தாடை, பாயசம், ஆரவாரம். அவர்களுக்கோ மௌனம்! தீ மூட்டக்கூடாது, தொழில் செய்யக்கூடாது, வெளியே செல்லக்கூடாது, கேளிக்கை கூடாது. இந்த நான்கு விலக்குகளும் தீவு முழுவதற்கும் பொது. விமான நிலையம் இருபத்துநான்கு மணி நேரம் மூடப்படுகிறது. கைப்பேசியில் இணையமும் நிறுத்தப்படுகிறது. மருத்துவமனைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. 'பெச்சாலாங்' எனப்படும் ஊர்க்காவலர் தவிரத் தெருவில் ஒருவரும் இல்லை. முதல் நாள் இரவு பூத உருவங்களைத் தூக்கி ஊர்வலம் வந்து, பேரொலி எழுப்பித் தீய சக்திகளை விரட்டுகிறார்கள். மறுநாள் அவை திரும்பிவந்து பார்த்தால் தீவில் ஆளே இல்லை என்று எண்ணி அகன்றுவிடுமாம்.

அந்த நாளுக்காக எங்கள் இல்லத்தில் இரண்டு பணிப்பெண்கள் முன்னிரவே வந்து தங்கினார்கள். விருந்தினர் பசியாறுவதற்கு அவர்கள் வேண்டுமல்லவா? இதை அறிந்த அம்மா, அக்காள் வழியாக மற்றப் பெண்களிடம் ஒன்று சொன்னார்: "முதல் நாள் சமைச்சது இருக்கு. அவங்கவங்க எடுத்துப் போட்டுக்குவோம். அவங்களும் உட்காரட்டும்." ஒருவரும் மறுக்கவில்லை. அன்று யாரும் யாரையும் ஏவவில்லை. ஆறிய சோறும் வாழைப்பழமும் உண்டோம். பணிப்பெண்கள் இருவரும் திண்ணையில் கால் நீட்டி அமர்ந்திருந்தார்கள். வாகன ஒலி இல்லை. அடுப்புப் புகை இல்லை. வாய்க்கால் நீரும் பறவைகளுமே பேசின.

நண்பகலுக்குப் பிறகு அம்மாவைக் காணவில்லை என்று தேடினேன். குடிலுக்குள் ஒருக்களித்துப் படுத்து உறங்கிக்கொண்டிருந்தார். பகலில் அம்மா உறங்கி நான் கண்டது அதுவே முதல் முறை. மாலை வரை எழவில்லை. அன்றிரவு விளக்கே இல்லாத அந்தத் தீவின் மேல், வானம் கொள்ளாத அளவுக்கு விண்மீன்கள்.

ஆறு நாள் யோகாசனமும் பூச்சும் தராத உறக்கத்தை அந்த ஒரு நாள் எப்படித் தந்தது? நான் எண்ணிப் பார்த்தேன். மற்ற நாள்களில் அம்மா ஓய்வெடுத்தால், அவர் வேலையை இன்னொரு பெண் செய்துகொண்டிருந்தாள். அந்த உறுத்தலில் அவருக்கு எப்படி உறக்கம் வரும்? நியெப்பி நாளில் வேலையே நிறுத்தப்பட்டிருந்தது. விலை கொடுத்து வாங்கிய ஓய்வு வேறு. ஊரே கூடி உடன்பட்டுத் தருகின்ற ஓய்வு வேறு. அந்தத் தீவிலும் திருநாளுக்கு முந்திய நாள்களில் பெண்களுக்கு வேலை இரட்டிப்பு என்பதை நான் கண்ணால் கண்டேன். அங்கும் குறை இல்லாமல் இல்லை. எனினும், ஒரு நாள் அடுப்பு அணைந்திருப்பதை அவர்கள் அறமாக்கி வைத்திருக்கிறார்கள். நம் மொழியிலோ, அடுப்பில் பூனை உறங்குகிறது என்றால் அது வறுமைக்கு அடையாளம்! அடுப்பு எரியாத வீட்டைத் துக்க வீடு என்றே நினைக்கிறோம்.

இப்போது எங்கள் வீட்டில் மாதத்தின் முதல் ஞாயிறன்று அடுப்பு எரிவதில்லை. முதல் நாள் நீரூற்றி வைத்த பழையசோறும் சின்ன வெங்காயமும் ஊறுகாயும்தான் உணவு. பாத்திரங்களை அப்பா துலக்குகிறார். முதல் மாதம் முணுமுணுத்தார், இப்போது முணுமுணுப்பதில்லை. அம்மா இன்னமும் நான்கு மணிக்கு எழுந்துவிடுகிறார். சமையலறை வாசல் வரை சென்று, நினைவு வந்து, திரும்பிவந்து படுத்துக்கொள்கிறார்.

மாணவத் தோழர்களே, தோழியரே! பாலித் தீவுக்குப் போக நம்மில் எத்தனை பேருக்கு வாய்க்கும்? ஆனால் பழையசோற்றுக்குப் பணம் வேண்டியதில்லை. பாத்திரம் துலக்கப் பட்டம் வேண்டியதில்லை. இவ்விதழைப் படித்து முடித்ததும் உங்கள் அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அம்மா, நீங்கள் கடைசியாக ஓய்வெடுத்தது எப்போது?" அவர் யோசிக்கும் நேரத்தை மட்டும் பொறுமையாகக் கவனியுங்கள்.